பழுதுக்கடை பதில்கள்: ஈயம் எடை தாங்க வந்ததல்ல

இந்த முறை வந்த கேள்விகளைப் படித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆலையில் ஆடுகிற எலக்ட்ரானிக் போர்டு, லோரியில் குலுங்குகிற போர்டு, மோட்டார் சைக்கிளில் அதிர்கிற போர்டு. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் என் கடைக்கு வரும் சாமான்களில் பெரும்பாலானவை தோட்டத்திலிருந்தும் செம்பனை ஆலையிலிருந்தும் வருகின்றன. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து பழுதாகி வருவது அவற்றில் குறைவுதான்.

கேள்வி: அக்கா, எங்கள் ஆலையில் எண்ணெய் சலிக்கும் அதிர் சல்லடையின் சட்டத்தில் ஒரு கண்ட்ரோல் பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் இருக்கும் பவர் சப்ளை போர்டில் பெரிய கெப்பாசிட்டரின் கால் அடிக்கடி விட்டுப்போகிறது. ஒவ்வொரு தடவையும் ஈயம் வைத்துக் கொடுக்கிறார்கள், சில வாரம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்) புது போர்டு வாங்கச் சொல்கிறார். ஈயத்தை இன்னும் தடிப்பாக வைத்தால் நிற்காதா?
*ஆலை ஃபிட்டர், கூலிம் வட்டாரம்*

பதில்: நிற்காது தம்பி. ஈயம், அதாவது சால்டர், மின்சாரம் கடந்து போவதற்காக வைத்தது. எடையைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை அல்ல. தடிப்பாக வைத்தால் ஈயத்துக்குப் பதிலாகக் கால் ஒடியும், இல்லாவிட்டால் போர்டில் ஒட்டியிருக்கும் செம்புப் பொட்டே உரிந்து கையோடு வரும். அப்புறம் பழுது பார்ப்பது இப்போதைவிடக் கஷ்டம்.

சல்லடை மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். நம் மலேசியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1450 சுற்று என்று போட்டிருக்கும். சுற்றுக்கு ஓர் ஆட்டம். ஒரு மணி நேரத்துக்கு 87,000. குலை வரத்து அதிகமாக இருக்கும் மாதத்தில் ஆலை ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 17 லட்சத்தைத் தாண்டும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, எண்ணிக்கைதான் பெரியது. இரண்டு மெல்லிய கால்களின் மேல் நிற்கும் உயரமான கெப்பாசிட்டர் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது. அந்தச் சாய்வு முழுவதும் போய் இறங்கும் இடம் காலைச் சுற்றியுள்ள ஈயம்.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு போர்டைத் திருப்புங்கள். 240 வோல்ட்டை நேராகத் திருத்தும் பவர் சப்ளையில் அந்தக் கெப்பாசிட்டர் 340 வோல்ட் அளவு பிடித்து வைத்திருக்கும். பெட்டியை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். இப்போது காலடி ஈயத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலைச் சுற்றி முடி அளவில் ஒரு கருவளையம் தெரியும். மேலே கெப்பாசிட்டரை விரலால் மெல்ல அசைத்தால் அந்த வளையத்துக்குள் கால் மட்டும் தனியாக ஏறி இறங்கும். ஈயம் பளபளப்பாக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பா 2006 ஜூலையில் மின்சாதனங்களில் காரீயத்துக்குத் தடை போட்ட பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் காரீயம் இல்லாத ஈயம்தான். அது நல்ல இணைப்பிலும் மங்கலாகத்தான் தெரியும். உருகுவதும் 217 டிகிரிக்கு மேல். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்த பழைய ஈயம் 183 டிகிரியிலேயே உருகிவிடும். வளையம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சரி, என்ன செய்வது? கெப்பாசிட்டரின் உடலைப் போர்டோடு பசை வைத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் பசையை இப்போதே எடுக்காதீர்கள், அது கடைசி வேலை.

முதலில் பெட்டி. அதைச் சல்லடையின் சட்டத்திலிருந்து கழற்றிப் பக்கத்துத் தூணிலோ சுவரிலோ மாட்ட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும். கேபிளை இழுத்துக் கட்டாமல் ஒரு வளைவு விட்டுக் கொண்டுபோங்கள்.

இடம் மாற்ற வழியே இல்லை, அடியில் ரப்பர்தான் வைக்க வேண்டும் என்றால் கவனம் தேவை. ரப்பர் மேல் உட்கார்ந்த பெட்டிக்கு அதற்கென்று சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் வந்துவிடும். அது சல்லடையின் வேகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ரப்பர் ஆட்டத்தைக் குறைக்காது, கூட்டிவிடும். உங்கள் சல்லடை விநாடிக்கு 24 தடவை ஆடுகிறது. பெட்டியின் சொந்த வேகம் 17க்குக் கீழே போனால்தான் ஆட்டம் குறையவே ஆரம்பிக்கும். 8, 9 என்று இருந்தால் நன்றாகக் குறையும். இதைக் கருவி இல்லாமலே ஓரளவு கணிக்கலாம். பெட்டியை ரப்பர் மேல் வைத்ததும் அதன் எடைக்கு ரப்பர் 3, 4 மில்லிமீட்டர் அமுங்கினால் ஏறக்குறைய அந்த வேகத்துக்கு வந்துவிட்டீர்கள். அமுங்கவே இல்லை என்றால் அந்த ரப்பர் அலங்காரத்துக்குத்தான். கெட்டியான ரப்பர் துண்டுகளை வைத்துவிட்டு "வைத்தும் பலனில்லை" என்று சொல்பவர்கள் நிறைய, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்தது போர்டு. நான்கு மூலையில் மட்டும் ஸ்க்ரூ போட்டு, கனமான டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்த போர்டு என்றால் நடுப்பகுதி மேலும் கீழும் வளையும். தடம் ஓடாத இடம் பார்த்து நடுவில் ஒரு நைலான் ஸ்பேசர் கொடுங்கள். செலவு இல்லை என்றே சொல்லலாம், பலனோ பெரிது.

அப்புறம்தான் கெப்பாசிட்டர். பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். விரிசல் விட்ட ஈயத்தின் மேல் பசை பூசுவதில் அர்த்தமில்லை. கெப்பாசிட்டரின் அடி போர்டில் படிந்து உட்கார வேண்டும், கால் நீட்டி நிற்கக் கூடாது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட், அதே கால் இடைவெளியில் உயரம் குறைந்த ஒன்று கிடைத்தால் அதையே போடுங்கள். போர்டையும் உடலையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, மின்சாதனத்துக்கான நியூட்ரல் சிலிக்கோனை (வினிகர் வாடை அடிக்காத வகை) அடியில் மூன்று நான்கு இடத்தில் வையுங்கள். உடலின் உயரத்தில் கால் பங்காவது ஏறி நிற்கட்டும், கீழே போர்டில் பரந்து பிடிக்கட்டும். முழுச் சுற்றும் அடைத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு வழியாகக் கெப்பாசிட்டர் சிறிதளவு வாயுவை வெளியே விடும், அதற்கு வழி வேண்டும். தலையில் சிலுவை மாதிரி கீறியிருக்கும் இடத்தைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வாசல் அது. இரண்டு கெப்பாசிட்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் ஒரு பாலம் போட்டு இணைத்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். இந்தச் சிலிக்கோன் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம். நம் ஊர் ஈரக்காற்றில் இறுகவில்லை என்ற பேச்சே வராது. ஆனாலும் ஒரு முழு நாள் காத்திருங்கள்.

சார்ஜ்மேன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆலை நின்றால் நட்டம் போர்டின் விலையைவிடப் பெரிது, கையில் ஒரு புது போர்டு இருக்கட்டும். ஆனால் புதுசிலும் அதே உயரமான கெப்பாசிட்டர்தான் இருக்கும். மாட்டும் முன்பே பசை வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஹார்ட்வேர் கடைக்குப் போனால் அலமாரி முழுக்கப் பசை. சிலிக்கோன், எப்போக்சி, ஹாட் குளூ, காம் காஜா (சூப்பர் குளூ). போர்டுக்கு எது? என் நண்பன் எல்லாவற்றுக்கும் காம் காஜாதான் வைக்கிறான்.
*தொலைக்காட்சிப் பழுது பழகும் இளைஞர், லூனாஸ்*

பதில்: காம் காஜாவை முதலில் ஒதுக்கி வையுங்கள் தம்பி. சட்டென்று பிடிக்கும், ஆனால் காய்ந்தால் மொரமொரவென்று ஆகிவிடும். ஒரு அடி விழுந்தால் பளிச்சென்று விட்டுவிடும். காயும்போது எழும் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படிந்து, கனெக்டருக்குள்ளும் போய்ச் சேரும்.

சிலிக்கோனில் இரண்டு வகை என்று நினைவில் வையுங்கள். ஜன்னல், குளியலறைக்கு விற்கும் வகையில் பல, மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை அது. போர்டில் வைத்தால் செம்பு பச்சை பூத்துவிடும். வாடை வந்தால் போர்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். குழாயில் நியூட்ரல் என்று போட்டிருக்க வேண்டும், மின்சாதனத்துக்கு என்று தனியாகச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அதிலும் ஒரு எச்சரிக்கை: மூடி இல்லாத ரிலே, திறந்த சுவிட்ச் இருக்கும் இடத்தில் சிலிக்கோனைத் தாராளமாக வைக்காதீர்கள். அதன் ஆவி தொடுமுனையில் படிந்து, தீப்பொறி படும்போது மணல் போன்ற சிலிக்காவாக மாறித் தொடர்பைக் கெடுக்கும்.

ஹாட் குளூ சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய லோரியின் டேஷ்போர்டுக்குள்ளும், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) பக்கத்திலும் அது பிடிக்காது. சூடு படாத இடத்தில் ஒரு கனெக்டரைப் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். எப்போக்சி கெட்டி. கனமான காயிலை (கம்பிச் சுருளை) போர்டோடு சேர்த்துக் கட்ட நல்லது, ஆனால் பிறகு கழற்ற நினைத்தால் போர்டையும் கிழித்துக்கொண்டு வரும். கண்ணாடி உடல் டயோடு பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூட்டிலும் குளிரிலும் எப்போக்சி விரிந்து சுருங்கும்போது கண்ணாடி விரிசல் விடும்.

பழைய டிவி, பழைய ஆம்ப் பிரிக்கும்போது கெப்பாசிட்டர் அடியில் மஞ்சளாகவோ காப்பி நிறத்திலோ ஒரு பசை பார்த்திருப்பீர்கள். வைக்கும்போது வெளிர் மஞ்சள்தான். அது குளோரின் சேர்ந்த ரப்பர் பசை. பல வருஷச் சூட்டில் கறுத்து, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும், கூடவே உலோகத்தையும் அரிக்கும். போன மாதம் ஒரு ஆம்ப் வந்தது. சத்தம் தானாக ஏறுகிறது, இறங்குகிறது என்றார்கள். பசையை மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். அடியில் ஒரு ரெசிஸ்டரின் கால் பாதிக்கு மேல் கரைந்து, பச்சைப் பொடியாக நின்றது, ஊதினால் பறந்துவிடும். மீட்டரை அந்தக் கறுத்த பசையிலேயே வைத்துப் பார்த்தேன், அளவு காட்டியது. பசையில் ஓடக் கூடாத மின்சாரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிக் கறுத்த பசையைக் கண்டால், சாமான் வேறு எதற்காக வந்திருந்தாலும் சுத்தமாக எடுத்துவிட்டு நியூட்ரல் சிலிக்கோன் வைத்துக் கொடுங்கள். காசு கூடக் கேட்க வேண்டாம், அது நம் கடமை.

கேள்வி: நாங்கள் உறுமி மேளக் குழு. தைப்பூசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் லோரியில் ஆம்ப், ஸ்பீக்கர், ஜெனரேட்டர் ஏற்றிப் போவோம். தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கினால் ஆம்ப் நின்றுவிடுகிறது. மேலே ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும். இப்படியே ஓட்டலாமா?
*குழுத் தலைவர், சுங்கை பட்டாணி*

பதில்: ஓட்டாதீர்கள் அண்ணன். தட்டினால் வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அது ஆம்பில் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதியில் இருந்தால், விட்டுப்போகும் ஒரு கணத்தில் நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போய்க் காயிலைக் கருக்கிவிடலாம். காவடிக்காரர் நடுவழியில் நிற்கும்போது மேளச் சத்தம் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் இல்லாமல், இரண்டு வாரம் முன்னதாகவே திறந்து பார்த்துவிடுங்கள்.

கடையில் கொடுக்கும்போது கனமானதிலிருந்து லேசானதுக்கு என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் பிடித்திருக்கும் போல்ட். தளர்ந்திருந்தால் ரப்பர் வாஷரோடு இறுக்கலாம். ஆனால் அந்தப் போல்ட்டின் மேல்முனை ஆம்பின் மூடியைத் தொடும்படி நீளமான போல்ட் எதையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கீழேயும் மேலேயும் இரும்பைத் தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு குறுக்குச் சுற்றாகிப் பெரிய மின்னோட்டம் பாயும், டிரான்ஸ்ஃபார்மரே கருகும். அடுத்து பெரிய கெப்பாசிட்டர்கள். அப்புறம் ஹீட்சிங்கில் ஸ்க்ரூ போட்ட பவர் டிரான்சிஸ்டர்கள்: சில ஆம்ப்களில் முழு போர்டும் அந்தக் கால்களில்தான் தொங்குகிறது, போர்டுக்குத் தனியாகத் தாங்கல் இல்லை. அப்படி இருந்தால் ஒரு தாங்கல் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக ரிப்பன் கேபிள், ஃபியூஸ் பிடிப்பான். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு அதன் தோளில் மட்டும் ஒரு சொட்டு சிலிக்கோன், உள்ளே முள் பக்கம் படக் கூடாது.

லோரியில் ஏற்றும் விதத்திலும் நிறைய இருக்கிறது. ஆம்பை ரேக்கில் அதன் முன்பக்கக் காதுகளில் இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் தொங்கவிட்டால் பின்பக்க எடை முழுவதும் ஒவ்வொரு குழியிலும் இழுக்கும். பின்னாலும் தாங்கல் கொடுங்கள். லோரியின் பின்முனைதான் அதிகம் தூக்கிப் போடும், அதனால் ஆம்ப் ரேக்கை டிரைவர் அறைப் பக்கம் வையுங்கள். ஜெனரேட்டரையும் ஆம்பையும் ஒரே பலகையில் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: குலை ஏற்றும் லோரியில் கேமரா பொருத்தியிருக்கிறோம். அடிக்கடி கெட்டுப்போவதால் போர்டு முழுக்க ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். அப்படியும் கெட்டது. ஏன்?
*லோரி உரிமையாளர், பாடாங் செராய்*

பதில்: வார்னிஷ் ஈரத்துக்கும் தூசிக்கும்தான் ஐயா. உரம் ஏற்றிய லோரியில் அது நல்ல காவல். உரத் தூள் ஈரத்தோடு சேர்ந்து செம்பை எப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, கனமான பாகத்தைப் பிடித்து நிறுத்தாது.

உங்கள் போர்டைப் பிரித்துப் பார்த்தேன். கோணியிருந்த தகட்டில் அதை வைத்து ஸ்க்ரூவால் இழுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். போர்டு வளைந்தால் முதலில் போவது அரிசியைவிடச் சிறிய பீங்கான் சிப் கெப்பாசிட்டர். அது வளையாது, விரிசல்தான் விடும். அதுவும் ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தட்டுகள் ஒன்றையொன்று தொட்டு, சூடாகி, சில வேளை போர்டையே கருக்கிவிடும். உங்களுடையதிலும் அதே இடம்தான். தகட்டை நிமிர்த்திவிட்டு, உயரம் குறைந்த மூலைக்கு வாஷர் கொடுத்துப் புது போர்டை மாட்டுங்கள். ஸ்க்ரூவை முறுக்கும்போது போர்டு எங்கும் இழுபடக் கூடாது.

முழுக்க ரெசின் ஊற்றிவிடலாமா என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அடியோடு ஊற்றியதைப் பிறகு யாராலும் பழுது பார்க்க முடியாது. கெட்டியான ரெசின் சூட்டில் விரிந்து சுருங்கி, தானே ஈயத்தை உடைப்பதும் உண்டு.

கேள்வி: அக்கா, நான் கூலிமில் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறேன். இப்போது பசை வைக்கிற மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். காலின் மேல் கொஞ்சம் பசை ஏறினால்கூட ரிஜெக்ட். சிப்புக்கு மூலையில் மட்டும் வை, அடியில் போகக் கூடாது என்கிறார்கள். பிடிப்பதற்குத்தானே பசை, நிறைய வைத்தால் நல்லதுதானே? யாரும் காரணம் சொல்வதில்லை. வீட்டில், பசை ஒட்டும் வேலைக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகிறாய் என்கிறார்கள்.
*ஒரு வாசகி, தோட்டத்து லயத்திலிருந்து*

பதில்: தங்கச்சி, உன் கேள்விக்குத்தான் நான் ஆசையாகப் பதில் எழுதுகிறேன். நானும் பினாங்கு பாயான் லெப்பாஸில் அந்த மேசையில் இருந்தவள். 1972இல் அங்கே தடையற்ற வாணிக வட்டாரம் திறந்த பிறகு, பால் வெட்டிய வீட்டுப் பெண்கள் நிறைய பேர் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். காரணம் கேட்டால் "செய்யச் சொன்னதைச் செய்" என்பதுதான் அன்றைக்கும் பதில். உனக்கு அப்படி இருக்க வேண்டாம்.

காலை முதலில் எடுத்துக்கொள்வோம். பாகத்தின் உடலிலிருந்து வெளியே வரும் கால் நேராக ஓட்டைக்குள் போகாமல் ஒரு வளைவு எடுத்துப் போகிறது பார். சும்மா அழகுக்கு வளைத்ததல்ல அது. சூட்டில் போர்டும் உடலும் வெவ்வேறு அளவில் விரியும், அந்த வித்தியாசத்தை வளைவுதான் ஏற்றுக்கொள்ளும். நீ வைக்கும் பசை வளைவுக்குள் நிறைந்துவிட்டால் வளைவு செத்தது. அதோடு, சிலிக்கோன் சூட்டுக்கு விரிவது போர்டு விரிவதைவிடப் பத்து மடங்குக்கு மேல். காலின் அடியில் மாட்டிக்கொண்ட பசை ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் காலை மேலே தள்ளும். பிடிக்க வைத்த பசையே உடைக்கும். இன்னொன்று, கால் மூடிப்போனால் ஈய இணைப்பை யாரும் பார்த்துச் சோதிக்க முடியாது, பிறகு கழற்றவும் முடியாது.

சிப்பு விஷயமும் அதேதான். அடியில் வரிசை வரிசையாக ஈய உருண்டை இருக்கும் சிப் என்றால், மூலையில் வைக்கும் பசை அது வளைந்து உரியாமல் பிடிக்கிறது. அந்தப் பசை கொஞ்சம் உள்ளே ஓடி ஒரு பக்கம் மட்டும் நிறைந்தால், சூட்டில் விரிந்து அந்தப் பக்க உருண்டைகளை இழுக்கும். அடி முழுவதும் நிறைக்க வேண்டிய சிப்பும் உண்டு. அதற்குத் தண்ணீர் மாதிரி ஓடும், விரிவைக் குறைக்கும் தூள் கலந்த, வேறு ரெசின் இருக்கிறது. அது வேறு மேசை.

கண்ணாடி டயோடுக்கு எப்போக்சி வைக்கும் முன் ஒரு சின்ன ஸ்லீவ் (மேலுறை) போடச் சொல்வார்கள். அவசரத்தில் அதை விட்டுவிடாதே. நீ வைத்த அன்றைக்கு எதுவும் ஆகாது, உன் மேசையைக் கடந்து, சோதனையும் தாண்டிப் போய்விடும். எங்கோ ஒரு குளிர் ராத்திரியில் கண்ணாடி விரிசல் விடும்.

கலவைப் பசை என்றால் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. விகிதம் தவறினால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சத்தைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து எண் போட்டு வைத்தால், பிறகு அதைத் தொட்டுப் பார்த்து இறுகியதா என்று சொல்லிவிடலாம். உறைய வைத்த சிரிஞ்சு வந்தால், வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதே. குளிர்ந்த பசையில் நம் ஊர்க் காற்று பட்டால் வேர்த்து, ஈரம் உள்ளே போய்விடும். கையுறை இல்லாமல் எப்போக்சியைத் தொடாதே தங்கச்சி. ஒரு தடவை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் கிட்டே போனாலே அரிக்கும். அப்படி மேசையை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் கேட்டதற்கு இதைச் சொல். அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா, போர்டில் பசை வைப்பதற்கும் மேலே பூச்சுப் பூசுவதற்கும் என்றே தனியாக ஒரு தர நூல் போட்டது. நாசா 8739.1 என்று பெயர், 1999இல் வந்தது. எங்கே வைக்கலாம், எங்கே படக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ராக்கெட் மேலே கிளம்பும்போது வரும் அதிர்வில் ஒரு காயில் கழன்றால் போய்ச் சரிசெய்ய ஆள் கிடையாது, அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு. உன் இன்ஸ்பெக்டர் கையில் வைத்திருக்கும் ஐபிசி 610 என்ற போர்டுத் தர நூலிலும் பசைக்கென்று பக்கங்கள் உண்டு. படம் போட்டிருக்கும், ஆங்கிலம் முழுக்கத் தெரியாவிட்டாலும் புரியும். ஓய்வு நேரத்தில் கேட்டு வாங்கிப் பார். அடுத்த தடவை ரிஜெக்ட் ஆனால் எந்தப் படத்தின்படி என்று நீயே கேட்கலாம்.

கேள்வி: என் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில் கூடுதலாக எல்இடி விளக்கு வைத்தேன். ஈயம் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, ஆனால் ஒயர் ஈயத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் ஒடிகிறது. ஸ்க்ரூவும் கழன்று விழுகிறது.
*படிவம் 5 மாணவர், பாடாங் செராய்*

பதில்: நரம்பு நரம்பாக இருக்கும் ஒயருக்கு ஈயம் வைத்தால் அது ஒயருக்குள்ளேயே உறிஞ்சிக்கொண்டு ஏறும். ஏறிய தூரம் வரை ஒயர் கம்பியாகிவிடும். கெட்டி முடிந்து மென்மை தொடங்கும் இடத்தில்தான் அதிர்வு வேலை செய்யும், உனக்கு ஒடிவது அங்கேதான். ஈயத்தைக் குறைவாக வை, சூட்டை நீளமாகக் காட்டாதே. ஒடிந்த இடத்தைத் தாண்டி ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு, 2, 3 சென்டிமீட்டருக்குள் ஒயரை ஏதாவது ஒன்றோடு கட்டிவிடு. கனெக்டர் முனைக்கு ஈயம் வேண்டாம், சரியான கிரிம்ப் பிளையரால் அழுத்திய முனை அதிர்வில் நன்றாக நிற்கும். சாதாரண பிளையரால் நசுக்கியது நிற்காது.

ஸ்க்ரூவுக்கு நீல நிறத் திரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும், பிறகு கழற்றவும் வரும். ஆனால் விளக்கின் பிளாஸ்டிக் கூட்டில் அது வழியக் கூடாது. சில பிளாஸ்டிக் அது பட்டால் விரிசல் விட்டுவிடும். பிளாஸ்டிக் பக்கம் நைலான் வளையம் வைத்த நட் போடு.